இரண்டு காப்பி

2018 அக்டோபர் 26. ஐ-லீக் கால்பந்து சீசனின் முதல் ஆட்டமே கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில். கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாகக் கொண்ட சென்னை சிட்டி எஃப்சி அணி இந்தியன் ஆரோஸை 4-1 என்று வென்றது. பெட்ரோ மான்சி மூன்று கோல் அடித்து ஹாட்ரிக். நான் ஒரு தமிழ் நாளிதழின் பகுதிநேர நிருபர். ஒரு செய்திக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பணம் வாங்குகிற ஆள். தேசிய லீக்கின் தொடக்க ஆட்டம், நம் ஊர் மைதானம், ஹாட்ரிக் வேறு. முன்னூறு வார்த்தைக்கு எழுதி அனுப்பிவிட்டு, நாளைக்குப் பேப்பரில் பெரிதாக வரும் என்று நம்பிக்கொண்டு படுத்தேன்.

அன்று இரவு கிரிக்கெட் தேர்வுக் குழு இருபது ஓவர் அணியிலிருந்து தோனியை விட்டுவிட்டது. அப்புறம் என்ன? காலையில் பேப்பரைப் பிரித்தால் பக்கம் முழுக்கத் தோனி. என் ஹாட்ரிக் கீழே இடது மூலையில் ஆறு வரி. அதில் ஒரு வரியில் மான்சியின் பெயரில் துணைக்கால் விட்டுப்போய் 'மன்சி' ஆகியிருந்தது.

குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. செய்திகளைத் திருத்திப் பக்கம் போடும் டெஸ்க்கில் நான் இருந்திருந்தாலும் தோனியைத்தான் லீடாக, அதாவது பக்கத்தின் முதன்மைச் செய்தியாகப் போட்டிருப்பேன். ஆனால் அந்த ஆறு வரி என்னை வேறு மாதிரி பாதித்தது. அடுத்த ஆட்டத்துக்குப் போகும்போதே ஆறு வரிக்கு என்ன வேண்டுமோ அதை மட்டும் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். கோல் அடித்தது யார், எத்தனையாவது நிமிடம், சிவப்பு அட்டை உண்டா, இப்போது எத்தனை புள்ளி. கோல் விழுந்ததும் குனிந்து நோட்டில் குறிப்பேன். நிமிர்வதற்குள் ஆட்டம் எங்கேயோ போயிருக்கும். அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

நிருபர்களுக்கு ஒதுக்கிய வரிசைக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பெரியவர் தவறாமல் வந்து உட்காருவார். ஒரு காலத்தில் மில் அணி ஒன்றுக்கு ஆடியவர். மூன்றாவது ஆட்டமோ நான்காவதோ, என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, ஸ்கோர் எழுதறதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? அது போன்லயே வருதுங்களே" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் அவர் பக்கத்திலேயே உட்காரத் தொடங்கினேன்.

அவர் ஒரு ஆட்டத்துக்கு ஒரு ஆளைத்தான் பார்க்கச் சொல்வார். ஒரு நாள் முழுக்கச் சென்னை சிட்டியின் தடுப்பாட்டக்காரர் அஜித் குமாரை மட்டும் பார்த்தேன். பந்து இடது பக்கம் இருக்கும்போது வலது பக்கத்து பேக் எங்கே நிற்கிறார், எப்போது உள்ளே ஒதுங்குகிறார், எப்போது கோட்டை ஒட்டி மேலே ஓடுகிறார் என்று தொண்ணூறு நிமிடமும் அதே வேலை. அந்த ஆட்டத்தின் கோல் ஒன்றைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த இன்னொரு நிருபரிடம் நிமிடங்களைக் கேட்டுத்தான் செய்தி எழுதினேன். ஆனால் அன்றுதான் பயிற்சியாளர் அக்பர் நவாஸ் என்ன செய்ய முயல்கிறார் என்று பிடிபட்டது. சிங்கப்பூர்க்காரரான அவருடைய அணி பந்தைத் தூக்கி அடிக்காது. கோல்கீப்பரிடமிருந்தே சின்னச் சின்ன பாஸாக வெளியே வரும். நாங்கள் பயந்துகொண்டே பார்ப்போம். சில நாள் அந்தப் பயம் பலித்து கோலும் வாங்கினார்கள். மறுபடியும் அதே சின்ன பாஸ்தான்.

இதையெல்லாம் ஆறு வரியில் எங்கே எழுதுவது?

டெஸ்க்குக்கு இந்த அணி ஒரு வேடிக்கை. சென்னையிலிருந்து பக்கம் போடும் அண்ணன் ஒருவர் போனில் கூப்பிடுவார். ஒரு நாள், "யோவ், மான்சின்னு போட்டிருக்கியே, பொண்ணா?" என்றார். உருகுவேயில் பிறந்த ஸ்பெயின்காரர் என்று விளக்கினேன். அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ் பெயரைப் பார்த்துவிட்டு, "ரொமாரியோ பிரேசிலா?" என்றார். "இல்லண்ணா, தமிழ்நாடுதான்." அஜித் குமார் என்று ஒருவர் ஆடுகிறார் என்றதும் மட்டும் அந்தப் பக்கம் ஒரு நொடி உற்சாகம் தெரிந்தது. அணியின் இன்னொரு ஸ்பெயின்காரர் நெஸ்டரின் குடும்பப் பெயரைக் கோர்டில்லோ என்று எழுதுவதா கோர்டியோ என்று எழுதுவதா என்று எங்களுக்குள் சீசன் முழுக்கத் தகராறு. ஸ்பானிஷ் உச்சரிப்பில் அந்த இடத்தில் 'ல' வராது என்று நான் சொல்ல, வாசகனுக்கு எது பழக்கமோ அதைத்தான் போட வேண்டும் என்று அவர் சொல்ல, கடைசியில் இரண்டு பேரும் நெஸ்டர் என்று மட்டும் போட்டு முடித்துக்கொண்டோம்.

பதினோரு அணிகள், ஆளுக்கு இருபது ஆட்டம். அதில் பத்துதான் நான் நேரில் பார்க்க முடிந்தது. மீதிப் பத்தும் ஸ்ரீநகர், இம்பால், ஐஸ்வால், ஷில்லாங், கொல்கத்தா, கோவா என்று நடக்கும். இந்த லீக்கில் சுற்றி வருவது ஆடுபவர்களுக்கே பெரிய தண்டனை. இங்கே வியர்வை ஊற்றும் சாயங்காலத்தில் ஆடிவிட்டு, அங்கே குளிரில் செயற்கைப் புல்லில் ஆட வேண்டும். வெளியூர் ஆட்டங்களை நான் டிவியில் பார்த்து எழுதினேன். சீசன் பாதியில் டிவியில் காட்டும் ஆட்டங்கள் குறைந்துபோயின. அப்புறம் போனில் வரும் ஸ்கோரை வைத்துக்கொண்டு, நேரில் பார்த்தவன் மாதிரி எழுத வேண்டியதாயிற்று. ஆறு வரிதானே, யாருக்குத் தெரியப்போகிறது? எழுதிய எனக்குத் தெரியும்.

அந்த சீசனில்தான் ரியல் காஷ்மீர் முதல் முறையாக லீக்குக்கு வந்தது. வந்த வருஷமே மூன்றாவது இடம். பிப்ரவரியில் புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு மினர்வா பஞ்சாப் அணி ஸ்ரீநகருக்குப் போய் ஆடவில்லை. ஈஸ்ட் பெங்காலுடனான காஷ்மீரின் ஆட்டம் டெல்லிக்கு மாறியது. அந்த வாரம் எங்கள் டெஸ்க்கில் யாரும் கால்பந்து பேசவில்லை. நானும் எதையும் அனுப்பவில்லை.

சரி, காப்பி விஷயத்துக்கு வருகிறேன். குடிக்கிற காப்பி இல்லை, நிருபர் எழுதி அனுப்பும் செய்திக்குப் பத்திரிகையில் அதுதான் பெயர்.

மார்ச் தொடக்கத்தில் கோவாவில் சர்ச்சில் பிரதர்ஸுடன் ஆட்டம். ஜெயித்தால் அன்றைக்கே கோப்பை. டெஸ்க் முதல் முறையாக என்னைத் தானாகக் கூப்பிட்டது. "சாம்பியன் காப்பி ஒண்ணு ரெடியா வை." பத்திரிகையில் இது சகஜம். முடிவு தெரியும் முன்பே பின்னணி, வரலாறு, புள்ளி விவரம் எல்லாம் எழுதி வைத்துக்கொண்டு, மேலே இரண்டு பத்தியை மட்டும் ஆட்டம் முடிந்ததும் ஒட்டுவது. 1946-இல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்று தொடங்கியது, தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக் வெல்வது இதுவே முதல் முறை என்றெல்லாம் ஆசையாக எழுதினேன். சர்ச்சில் 3-2 என்று வென்றுவிட்டது. காப்பி போனிலேயே கிடந்தது.

இனி மார்ச் 9-ஆம் தேதி சனிக்கிழமை, கடைசி நாள். நாங்கள் 40, ஈஸ்ட் பெங்கால் 39. ஐந்து மணிக்கு இங்கே மினர்வாவுடன், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலுக்கு கோகுலத்துடன் ஆட்டம். நாங்கள் ஜெயித்தால் வேறு கணக்கே வேண்டாம். டிரா செய்து, அங்கே ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் 41-42, போச்சு. நாங்கள் தோற்று, அவர்கள் டிரா செய்தால் ஆளுக்கு 40. அப்போது இரண்டு அணிகளும் மோதிய ஆட்டங்களைப் பார்ப்பார்கள். அதில் இரண்டு முறையும் நாங்கள்தான் ஜெயித்திருந்தோம். பார்த்தீர்களா, நிருபர் 'நாங்கள்' என்கிறான். டெஸ்க்கில் இதை அடித்துவிடுவார்கள்.

இந்த முறை டெஸ்க் இரண்டு காப்பி கேட்டது. ஜெயித்தால் ஒன்று, தோற்றால் ஒன்று. வெளியூர் எடிஷனின் விளையாட்டுப் பக்கம் ஏழரைக்கு மூடிவிடும், யோசிக்க நேரம் இருக்காது. அன்று இந்தியாவுக்கு கிரிக்கெட் கிடையாது. ஆஸ்திரேலியாவுடன் முந்தின நாள் ராஞ்சியில் ஆடியாயிற்று, மறுநாள் மொஹாலியில்தான் அடுத்தது. ஆகவே இடம் இருந்தது. நாலு காலம் லீட் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

காலையில் உட்கார்ந்து தோல்விக் காப்பியை எழுதினேன். சொன்னால் வெட்கம், அதுதான் நன்றாக வந்தது. ஜெயிக்கும் காப்பியில் எண்கள் இருந்தன. தோற்கும் காப்பியில் ஆட்கள் வந்து நின்றார்கள். ஓடி ஓடி யார் கண்ணிலும் படாத மிட்ஃபீல்டு, பந்து வராத பக்கத்தில் நின்று கையைக் காட்டும் பேக், ஆறு வரிக்குள் நுழையாத அத்தனை பேரும். மாலை நான்கு மணிக்கு நேரு ஸ்டேடியத்தைச் சுற்றியிருக்கும் கார் சாமான் கடைகளைத் தாண்டி உள்ளே போகும்போது, ஒரு கணம், ஒரே ஒரு கணம்தான், இது பேப்பரில் வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். பெரியவரிடம் இதைச் சொல்லவில்லை.

மூன்றாவது நிமிடத்தில் மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் அடித்துவிட்டார்.

மைதானத்தில் ஒருவித நிசப்தம். நடுவில் ஓடுதளம் இருப்பதால் ஆட்டக்காரர்கள் சாதாரணமாகவே தூரமாகத்தான் தெரிவார்கள். அன்று இன்னும் தூரமாகிவிட்ட மாதிரி இருந்தது. பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு, "பரவால்லீங், நேரம் கெடக்குது" என்றார். இடைவேளையில் டெஸ்க் கூப்பிட்டது. "எந்தக் காப்பி?" நான் பதில் சொல்லவில்லை. கோழிக்கோடு இன்னும் 0-0. அந்தக் கணக்குப்படி தோற்றாலும் கோப்பை எங்களுக்குத்தான் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். "கணக்கெல்லாம் வேணாம், ரெண்டையும் மெயில் பண்ணு" என்றார். அனுப்பிவிட்டேன். அப்புறம் இரண்டாம் பாதி முழுக்க, அவர்கள் தப்பான காப்பியைப் போட்டுவிடுவார்களோ என்ற பயம் வேறு சேர்ந்துகொண்டது.

56-ஆவது நிமிடத்தில் பெனால்டி. மான்சி அடித்தார், 1-1. அந்தக் கோலோடு லீக்கில் அவருக்கு 21. சர்ச்சிலின் வில்லிஸ் பிளாசாவும் அதே எண்ணிக்கையில்தான் முடித்தார். 69-இல் கௌரவ் போரா. ஒரு டிஃபென்டர், அசாம்காரர். சீசன் முழுக்க என் செய்தியில் எத்தனை முறை அவர் பெயரை எழுதியிருப்பேன் என்று யோசித்தால் விரல் விட்டு எண்ணிவிடலாம். 2-1.

அந்த நேரம் பார்த்து கோழிக்கோட்டில் கோகுலம் முந்தியதாக யாரோ கத்தினார்கள். பிறகு ஈஸ்ட் பெங்கால் பெனால்டியில் சமன் செய்தது, அதன்பிறகு இன்னொன்றும் அடித்தது. அங்கே 2-1. இங்கே மினர்வா ஒரே ஒரு கோல் போட்டால் முடிந்தது கதை. நான் நோட்டை மூடி வைத்துவிட்டேன். பெரியவர் என் முழங்கையைப் பிடித்திருந்தார் என்பதே அப்புறம்தான் தெரிந்தது, நகம் பதிந்திருந்தது. கூடுதல் நேரத்தில் மறுபடி அதே கௌரவ் போரா. 3-1.

43 புள்ளி. ஈஸ்ட் பெங்கால் 42.

போனில், "ஜெயிச்ச காப்பி, ஜெயிச்ச காப்பி" என்று கத்தினேன். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று அவரும் கத்தினார். மேலே ஒட்ட வேண்டிய இரண்டு பத்தியை நின்றுகொண்டே போனில் தட்டினேன். கை நடுங்கியது. மைதானத்தில் என்னவெல்லாமோ நடந்துகொண்டிருந்தது, நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரசிகர்களைப் பற்றி ஒரு பத்தி வேண்டும் என்றார்கள். எழுத நேரமில்லை. தோல்விக் காப்பியில் ரசிகர்கள் பத்தி ஒன்று அழகாக இருந்தது. அதை எடுத்து, சோகமான வார்த்தைகளை மாற்றி ஒட்டி அனுப்பினேன். ஏழு இருபத்தைந்து.

மறுநாள் ஞாயிறு, நாலு காலம் லீட், என் பெயரோடு. அன்று சாயங்காலமே மக்களவைத் தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்கள். ஒரு நாள் தள்ளி நடந்திருந்தால் மறுபடி ஆறு வரிதான்.

இரண்டு சீசன் கழித்து, 2020-21-இல், கொரோனா காரணமாக லீக் முழுவதையும் கொல்கத்தாவைச் சுற்றியே நடத்தினார்கள். அதற்கடுத்த சீசனின் அணிகள் பட்டியலில் சென்னை சிட்டி இல்லை. அதைப் பற்றி என்னிடம் யாரும் காப்பி கேட்கவில்லை. நானும் இப்போது வேறு வேலையில் இருக்கிறேன்.

லீட் வந்த அன்று காலை ஆறரைக்குப் பெரியவர் போன் செய்தார். முழுக்கப் படித்திருந்தார். வாழ்த்துவார் என்று நினைத்தேன்.

"நல்லா எழுதியிருக்கீங் தம்பி. கடைசி வரியத்தான் மூணு தடவ படிச்சுப் பாத்தனுங்க. 'அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றபடி ரசிகர்கள் கலைந்தனர்'னு போட்டிருக்கீங்க. கோப்பைய வாங்கிட்டு எதுக்குங்க அடுத்த வருஷம் பாத்துக்கணும்?"