தம்பி உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி

ஐந்தடி ஏழங்குலம். அம்மா அளவு சொல்லிச் செய்யச் சொன்ன மெழுகுதிரி. ஒடிந்துவிடாமல் இருக்க மூங்கில் கம்பு ஒன்றைச் சேர்த்துவைத்து, பழைய வேட்டியில் சுற்றிக் கட்டி, தூத்துக்குடியிலிருந்து நாகர்கோவில் வரைக்கும் பஸ்ஸில் மடியிலும் தோளிலுமாகத் தாங்கிக்கொண்டு வந்தாள். நோயாளி சுகமானால் அவர் உயரத்துக்கு மெழுகுதிரி ஏற்றுவதாக நேர்ந்துகொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். சுகமானவரைக் கூட்டிவந்து, அவர் கையால் ஏற்றவைக்க வேண்டும். எங்களோடு தம்பி வரவில்லை.

2022 மே 15 அன்று ரோமில் திருத்தந்தை பிரான்சிஸ், தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்ததை வீட்டில் எல்லோரும் டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தோம். தம்பிக்கு இரத்தப் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்து அப்போது மூன்று வாரம். குருவோ துறவியோ அல்லாத இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர், பெண்டாட்டியோடு குடும்பம் நடத்தியவர், நம்ம பக்கத்து ஆள். அம்மா டி.வி.க்கு முன்னாலேயே முழந்தாளிட்டாள். "எம்புள்ள எந்திரிச்சு நடந்தா, அவனையே கூட்டிக்கிட்டு உம்ம மலைக்கு வாரேன் ஐயா."

இரண்டு வருஷம். புதன்கிழமை தவறாமல் சகாய அன்னை நவநாள், தினமும் 53 மணி ஜெபமாலை, இரண்டு தடவை வேளாங்கண்ணி. 2024 ஆகஸ்டில் தம்பி போய்விட்டான். 39 வயது.

அதற்குப் பிறகு நான் பூசைக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் விசுவாசிகள் மன்றாட்டு வரும்போது வாய் ஒட்டிக்கொள்ளும். கோயில் முழுக்க "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லும்போது நான் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கேட்கவில்லையே என்பதுதான் என் பதில். அம்மாவிடம் இதைச் சொன்னதில்லை. போன ஜூலையில் அவள் மெழுகுதிரிக்குச் சொல்லிவிட்டு, "நேர்ச்சைக்குப் போகணும், நீ வா" என்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அவன் நடக்கவில்லையே, பிறகு என்ன நேர்ச்சை? அம்மா பதில் சொல்லாமல் வேட்டியை மடித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் கோட்டாறு. சவேரியார் பேராலயத்துக்குள் தேவசகாயத்தின் கல்லறை. அம்மா கல்லில் கை வைத்து வெகுநேரம் நின்றாள். நான் தேதிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பிறந்தது 1712 ஏப்ரல், நட்டாலத்தில். சுட்டுக் கொன்றது 1752 ஜனவரி 14. அவருக்கும் 39தான்.

அங்கிருந்து பஸ் பிடித்துத் தக்கலை வழியில் புலியூர்க்குறிச்சி. பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை. கோட்டைக்குள் ஒரு பழைய சிற்றாலயம், அதில் டிலனாயின் கல்லறை. இலத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டிய கல். 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்ட டச்சுப் படைக்காரர், பிறகு அதே திருவிதாங்கூர்ப் படைக்குத் தலைவரானவர். அரண்மனை அலுவலராக இருந்த நீலகண்ட பிள்ளைக்கு ஆடுமாடுகள் செத்து, பயிர் அழிந்து, மனம் உடைந்திருந்த நாளில், இந்த மனிதர்தான், எல்லாவற்றையும் இழந்தும் ஆண்டவரை விடாத பைபிள் யோபுவின் கதையைச் சொன்னார். அப்படித்தான் நீலகண்டன் ஆண்டவரிடம் வந்தார். 1745 மே மாதம் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு. லாசர் என்ற பெயரின் பொருளைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று பெயர். கடவுள் உதவினார் என்று அர்த்தம்.

அந்தப் பெயரை நினைத்தால் எனக்கு நெஞ்சடைக்கும். ஏனென்றால் கிறிஸ்தவரானதற்காக நான்கே வருஷத்தில் கையிலும் காலிலும் விலங்கு. எருமை முதுகில் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடித்த காயத்தில் காரம் தேய்த்தார்கள். கிட்டத்தட்ட மூன்று வருஷம். மனைவி ஞானப்பூ அம்மாள் எத்தனை இரவு மன்றாடியிருப்பார்! எந்த மன்றாட்டுக்கும் விலங்கு கழன்று விழவில்லை.

முட்டிடிச்சான் பாறை புலியூர்க்குறிச்சி ஆலய வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. இழுத்துவந்த வழியில் தாகம் தாங்காமல், கட்டப்பட்ட கையின் முழங்கை முட்டால் பாறையை இடித்து வேண்டினாராம், தண்ணீர் ஊறியதாம். சின்னக் குழி, கை நுழைகிற அளவுதான். அம்மா குனிந்து எடுத்து முகத்தில் தெளித்துக்கொண்டு, கொண்டுவந்த பாட்டிலிலும் நிரப்பினாள். நான் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாறையைப் பிளந்து தண்ணீர் கொடுக்க முடிந்தவருக்கு ஒரு விலங்கை அவிழ்க்கத் தெரியாதா? இந்தக் கேள்வியை அங்கே வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

அம்மா பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள். "கடைசி வாரம் அவனுக்கு எச்சி கூட இறங்கலைல்லா? வியாழக்கிழமை ராத்திரி 'அக்கா, கருப்பட்டிக் காப்பி'ன்னு கேட்டான். நீ போட்டுக் கொண்டாந்த. முழுசாக் குடிச்சான். குடிச்சிட்டு விடியுற வரைக்கும் தூங்கினான். நீ மறந்துட்டியா ஏட்டி?"

மறக்கவில்லை. ஆனால் அதை நான் ஒருபோதும் மன்றாட்டின் கணக்கில் சேர்த்ததில்லை. ஒரு தம்ளர் காப்பி. நான் கேட்டது அவன் உயிரை. இரண்டுக்கும் ஈடாகாது, இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ஆனாலும் அந்த ராத்திரி அவன் குடித்தான், தூங்கினான். அதைக் கொடுத்தது யார் என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

திரும்புகிற வழியில் பெருவிளை. மரண தண்டனையை நிறைவேற்றும் கொலையாளியின் வீட்டருகே தேவசகாயத்தை வேப்பமரத்தில் கட்டிவைத்திருந்த இடம். மாதக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் அங்கேயே. அந்தக் கொலையாளிக்குப் பிள்ளையில்லை என்றும், தேவசகாயம் வேண்டிக்கொள்ள அவன் வீட்டில் குழந்தை பிறந்தது என்றும் சொல்லிவருகிறார்கள். தன் கட்டு அவிழாதவர், தன்னைக் கட்டிவைத்தவன் வீட்டுத் தொட்டிலுக்காக வேண்டியிருக்கிறார். அங்கே அம்மா உண்டியலில் தனியாக ஒரு நூறு ரூபாய் போட்டாள். யாருக்கு என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் தம்பிக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த பையனுக்காம். அவன் பிழைத்துவிட்டான். இப்போது காலேஜ் போகிறான். அம்மா மாதாமாதம் அவன் வீட்டுக்குப் போன் பண்ணி விசாரிப்பாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவள் மகன் படுத்திருந்த அதே நாட்களில், அதே ஜெபமாலையில், அவனுக்கும் சேர்த்துத்தான் வேண்டியிருக்கிறாள்.

சாயங்காலம் ஆரல்வாய்மொழி. ஜூலைக் காற்று என்றால் அந்தக் கணவாய்க் காற்றுதான். காற்றாலைகள் அத்தனையும் சுழன்றுகொண்டிருந்தன. காற்றாடிமலை என்று சும்மா பெயர் வைக்கவில்லை. வியாகுல மாதா கோயிலில் அம்மா அதிகம் பேசவில்லை. மகனை மடியில் கிடத்திய தாய்க்கு அவள் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? பிறகு தேவசகாயத்தைச் சுட்ட இடம். கொன்று உடலைக் காட்டில் எறிந்துவிட்டுப் போனார்கள். கிடைத்த எலும்புகளைத்தான் விசுவாசிகள் கோட்டாறுக்கு எடுத்துப்போனார்கள்.

மெழுகுதிரியை நான்தான் பிடித்துக்கொண்டேன். அதன் நுனி என் தலைக்கு மேலே போனது; தம்பி பக்கத்தில் நின்றால் எப்போதும் அப்படித்தான். அம்மாவுக்கு எட்டவில்லை. நான் சாய்த்துப் பிடிக்க, தீக்குச்சி ஒவ்வொன்றாக அணைந்தது. தரையைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடிவந்து முந்தானையை விரித்து மறைத்தார். திரி பற்றியது. யோபுவுக்கு ஆண்டவர் சூறாவளியிலிருந்துதான் பேசினார். ஏன் இந்தத் துன்பம் என்ற கேள்விக்கு அங்கேயும் விடை சொல்லவில்லை. ஆனால் வந்தார்.

அம்மா சத்தமாக மன்றாட ஆரம்பித்தாள். முதலில் அந்தக் காலேஜ் பையனுக்காக. பிறகு தம்பியின் மனைவிக்காக, அவன் மகளுக்காக, ராத்திரி டூட்டியில் இருந்த நர்ஸுக்காக. ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி என்னைப் பார்த்தாள். பையனுக்காகச் சொல்லத்தான் முதலில் வாய் திறந்தது.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

ஒரு வருஷத்துக்குப் பிறகு என் குரலை நானே கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். கடைசியில் தம்பியின் பெயர் வந்ததும் அம்மாவுக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த மன்றாட்டை அவளால் முடிக்க முடியவில்லை. முடியாத மன்றாட்டுக்கும் பதிலைச் சொன்னேன்.

இருட்டுவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும். மெழுகுதிரியைப் பார்த்துக்கொள்வதாக அந்த அம்மா சொன்னார். கீழே வந்து நின்றதும் அம்மா பையிலிருந்து பாட்டிலை எடுத்து, இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, என்னிடம் நீட்டினாள்.