மாஸ்கோனி மையத்தின் அண்டையில்: ஓர் இலையுதிர்கால நாட்குறிப்பு

செப்டம்பர் 10, 2023, ஞாயிறு

ஹோவர்ட் தெருவில் மூன்றாம் தெருவுக்கும் நான்காம் தெருவுக்கும் இடைப்பட்ட பகுதியை அடைத்துவிட்டார்கள். செவ்வாயன்று தொடங்கும், சேல்ஸ்ஃபோர்ஸ் மென்பொருள் நிறுவனத்தின் டிரீம்ஃபோர்ஸ் மாநாட்டுக்காகத் தார்ச்சாலையின் மேல் புல்விரிப்பு பரப்பப்படுகிறது. மாஸ்கோனி மையத்தின் வடக்குக் கட்டடத்தையும் தெற்குக் கட்டடத்தையும் பிரிக்கும் அந்தப் பொதுத்தெரு, சில நாள்களுக்கு மாநாட்டின் முற்றமாகிவிடும். சான்பிரான்சிஸ்கோவின் நடுப்பகுதியில், இந்த மையத்துக்கு நடந்துபோகும் தொலைவில் குடியிருப்பவன் என்ற முறையில், இவ்வளவு பெரிய மாநாட்டு மையம் தன்னைச் சுற்றி வாழ்பவர்களின் அன்றாடத்தை எப்படி மாற்றுகிறது என்பதை இந்த இலையுதிர்காலம் முழுவதும் கவனித்து எழுத நினைக்கிறேன். நவம்பரில் ஆசிய பசிபிக் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பின் (ஏபெக்) தலைவர்கள் மாநாடும் இங்கேதான் நடக்கவிருக்கிறது என்பதால், கவனிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான காலம் இல்லை.

எங்கள் தளத்தில் வசிக்கும் பிலிப்பினோ மூதாட்டி ஒருவருக்குப் பேருந்து நிறுத்தம் இடம் மாறியதே இன்றைய பெரிய சங்கடம். ஊன்றுகோலுடன் நடப்பவருக்கு இந்தப் பகுதியில் ஒரு மனைத்தொகுதி என்பது சிறிய தொலைவன்று. மார்க்கெட் தெருவுக்கு வடக்கே உள்ள தொகுதிகள் ஏறத்தாழ 412 அடி நீளமும் 275 அடி அகலமும் கொண்டவை; தெற்கே, எங்கள் பக்கத்தில், அவை 825 அடி நீளமும் 550 அடி அகலமுமாக, நீள அகலங்களில் இரு மடங்கு விரிகின்றன. பெரிய கூடங்கள் இந்தப் பக்கம் வந்து அமர்ந்ததற்கு இந்த அளவும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

செப்டம்பர் 13, புதன்

சுமார் 40,000 பேர் வருவார்கள் என்று கணக்கிடப்பட்ட மாநாட்டின் நடுநாள். காலை ஏழரை மணிக்கே காப்பிக் கடைகளில் வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, பத்துப் பதினைந்து பேராகக் கூடிச் செல்லும் இவர்களைக் கண்டு எனக்கு எரிச்சல் இல்லை. கடந்த மூன்றாண்டுகளில் இந்த நடைபாதைகள் எவ்வளவு வெறிச்சோடிக் கிடந்தன என்பதைப் பார்த்தவனுக்குக் கூட்டம் ஆறுதலாகவே இருக்கிறது. சிக்கல் கூட்டத்தில் இல்லை, அதன் ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. மாநாட்டு நாளில் ஒரு கடையால் சமாளிக்க முடியாத வியாபாரம். அடுத்த வாரம் அதே கடையில் ஆளே இல்லை. அப்படிப்பட்ட வியாபாரத்தை நம்பி நிற்பவர், மாலையிலும் ஞாயிறன்றும் கடையைத் திறந்து வைப்பதில் பயனில்லை என்று முடிவு செய்கிறார். குடியிருப்பவர்களுக்கு வேண்டியதோ அந்த மாலையும் அந்த ஞாயிறும்தான்.

மாநாட்டு மையங்கள் பெரும்பாலும் தம் வாடகை வருமானத்தைக் கொண்டு பிழைப்பவை அல்ல. வெளியூரிலிருந்து வருபவர் விடுதியில் தங்குவார், உண்பார், வாங்குவார் என்ற கணக்கில்தான் நகரங்கள் அவற்றைக் கட்டுகின்றன. இந்நகரில் விடுதி அறை வாடகையின் மீதான அடிப்படை வரி 14 சதவீதம். டெக்சஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹேவுட் சாண்டர்ஸ், நகரங்கள் அமர்த்தும் ஆலோசகர்கள் முன்வைக்கும் வருகைக் கணிப்புகள் பல ஊர்களில் மெய்ப்படவில்லை என்று நெடுங்காலமாகச் சுட்டிக்காட்டி வருகிறார். ஊருக்கு ஊர் கூடங்களைப் பெரிதாக்கிக்கொண்டே போக, மாநாடுகள் அதே வேகத்தில் பெருகவில்லை என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

செப்டம்பர் 24, ஞாயிறு

இன்று வுல்ஃப் ஹவுஸ் பக்கமாக நடந்தேன். ஹோவர்ட் தெருவும் நான்காம் தெருவும் சந்திக்கும் முனையில், மாஸ்கோனியின் கூடங்களுக்கு நேரெதிரே, குறைந்த வருமானமுள்ள முதியோர் வாழும் கட்டடம் அது. நடுநகரில், விலைமதிப்பு மிக்க ஒரு முனையில், அது எப்படி நிற்கிறது என்று வெளியூரார் வியப்பதுண்டு. அது யாரும் மனமிரங்கிக் கொடுத்ததன்று.

1966இல் ஒப்புதல் பெற்ற யெர்பா புயனா மறுசீரமைப்புத் திட்டம் 87 ஏக்கரைத் தன் எல்லைக்குள் வளைத்தது. ஏறத்தாழ 4,000 பேர் அங்கே வாழ்ந்தார்கள்; அவர்களுள் பெரும்பாலோர் ஓய்வுபெற்ற மாலுமிகளும் துறைமுகத் தொழிலாளர்களும், தனித்து வாழும் முதியவர்களும். மாத வாடகை விடுதிகளின் ஒற்றை அறைகளே அவர்களுக்கு வீடு. சுமார் 700 சிறு தொழில்களும் அங்கே இருந்தன. ஜஸ்டின் ஹெர்மன் தலைமையிலான மறுசீரமைப்பு முகமையின் பார்வையில் அது ஒழிக்கப்பட வேண்டிய பாழடைந்த பகுதி. அங்கே வாழ்ந்தவர்களுக்கோ மலிவான உணவகமும் நண்பர்களும் கூப்பிடு தூரத்தில் இருந்த அக்கம்பக்கம். இன்று நாம் வாழ்வதற்குரிய நடுநகர் என்று எதையெல்லாம் விரும்பிச் சொல்கிறோமோ, அவற்றுள் பல அந்த ஏழைகளிடம் ஏற்கெனவே இருந்தன.

தொழிற்சங்கத் தலைவராக இருந்து ஓய்வுபெற்ற ஜார்ஜ் வுல்ஃப், கப்பல் தொழிலாளி பீட்டர் மெண்டல்சோன் ஆகியோர் முன்னின்று, குடியிருப்போரும் உரிமையாளரும் இணைந்த 'டூர்' என்ற அமைப்பை 1969இல் தொடங்கிக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார்கள். வெளியேற்றப்படுபவர்களுக்குத் தகுந்த மாற்று வீடு தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த வீடுகள் எங்கே என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. நீதிபதி ஸ்டான்லி வெய்கல் அந்தக் கேள்வியை ஏற்றுப் பணிகளுக்குத் தடை விதித்தார். 1973இல் ஏற்பட்ட உடன்பாட்டின் வழியாக, திட்ட எல்லைக்குள்ளேயே நான்கு மனைகளும், விடுதி வரியிலிருந்து நிதியும் கிடைத்தன. வுல்ஃப் ஹவுஸ் 1979இலும் மாநாட்டு மையம் 1981 டிசம்பரிலும் திறக்கப்பட்டன. கூடத்துக்கு முன்பே அந்த வீடு எழுந்துவிட்டது என்ற வரிசையை நான் மிகவும் மதிக்கிறேன். ஃபோல்சம் தெருவில் உள்ள மெண்டல்சோன் ஹவுஸ் பின்னர் வந்தது.

அந்த 4,000 பேரில் பெரும்பான்மையோருக்குத் தீர்வு காலந்தாழ்ந்தே வந்தது என்பதையும் எழுதாமல் இருக்க முடியவில்லை. வழக்கு நடந்த ஆண்டுகளிலேயே விடுதிகள் பல இடிக்கப்பட்டு, அவர்கள் சிதறிப் போயிருந்தார்கள்.

அக்டோபர் 8, ஞாயிறு

செப்டம்பர் 29 அன்று காலமான டயான் ஃபைன்ஸ்டைனுக்கு நகரம் இந்த வாரம் விடைகொடுத்தது. 1978 நவம்பர் 27 அன்று நகர மண்டபத்திலேயே சுட்டுக்கொல்லப்பட்ட மேயர் ஜார்ஜ் மாஸ்கோனிக்குப் பிறகு பதவியேற்று, இந்த மையத்தைத் திறந்து வைக்கும் காலத்தில் மேயராக இருந்தவர் அவர்.

மையத்தைத் தரைக்குக் கீழே அமைக்க வேண்டும் என்ற முடிவு, 1976இல் மாஸ்கோனி அமர்த்திய குழுவின் கலந்தாய்வில் உருவானது. முதலில் எழுந்த தெற்குக் கூடத்துக்காகப் பொறியாளர் டி. ஒய். லின், நடுவில் தூணே இல்லாமல் 275 அடி தாவும் எட்டு ஜோடிக் கான்கிரீட் வளைவுகளை வடிவமைத்தார். மேலே மண்ணும் மரமும் கட்டடங்களும் வரும் என்ற எதிர்பார்ப்புடன் கூரையின் வலிமை கணக்கிடப்பட்டது. தரைக்குக் கீழே அமைத்ததன் பயனைத்தான் இன்று பிற்பகல் முழுவதும் பார்த்தேன். பின்னர் வந்த வடக்குக் கூடத்தின் கூரைமேல் 1993இல் திறக்கப்பட்ட யெர்பா புயனா தோட்டத்தின் புல்வெளியும், மார்ட்டின் லூதர் கிங் நினைவு அருவியும். தெற்குக் கூடத்தின் கூரைமேல் 1998இல் வந்த சிறுவர் தோட்டம், பனிச்சறுக்குத் தளம், 1906இல் செய்யப்பட்ட குதிரை ராட்டினம். கீழே ஆயிரக்கணக்கானோர் கூடியிருக்கும்போதும் மேலே ஒரு குழந்தை சறுக்குமரத்தில் இறங்கலாம் என்பது பிற நகரங்களின் மாநாட்டு மையங்களில் எளிதில் காணக்கிடைக்காத நன்மை. ஆனால் கூடம் திறந்து சிறுவர் தோட்டம் வருவதற்குப் 17 ஆண்டுகள் ஆயின. ஒரு பிள்ளை பிறந்து, வளர்ந்து, பள்ளிப்படிப்பை முடிக்கும் நிலைக்கு வந்துவிடும் காலம் அது.

தோட்டத்தின் நன்மை தெருவின் இழப்பை ஈடுசெய்கிறதா? ஓரளவுதான். இப்பகுதியின் பெருந்தெருக்களுக்கு நடுவே மின்னா, நட்டோமா, தெஹாமா, கிளெமென்டினா என்று சந்துகள் ஓடுகின்றன. தொகுதிகளின் பருமனைச் சிறு வாசல்களாலும் பட்டறைகளாலும் உடைத்து, நடப்பவருக்கு ஏற்றவையாக ஆக்குபவை அவை. மூன்றாம் தெருவுக்கும் நான்காம் தெருவுக்கும் இடையே இந்த நான்கும் அறுந்துவிடுகின்றன. மாநாடு இல்லாத ஓர் இரவில் அங்கே ஹோவர்ட் வழியே நடந்தால், திறந்த கதவு ஒன்றுமில்லாமல் கண்ணாடிச் சுவரைத் தொட்டபடியே போக வேண்டியிருக்கிறது. 2019இல் முடிந்த, 55 கோடி டாலருக்கு மேல் செலவான விரிவாக்கம் தெருவுக்கு மேலே அழகான நடைபாலத்தைத் தந்தது. நடைபாதை மட்டத்தில் மாலை வேளைக்கென்று தந்தது மிகக் குறைவு.

அக்டோபர் 17, செவ்வாய்

மளிகை வாங்கி வந்தேன். தோட்டத்தை ஒட்டிய மெட்ரியான் கட்டடம் 1999இல் திரையரங்குகளும் விளையாட்டுக் கூடங்களுமாக, வருகையாளரை எண்ணித் திறக்கப்பட்டது. 2012இல் அங்கே டார்கெட் கடை வந்த பிறகுதான் பாலும் முட்டையும் வாங்க அந்தக் கட்டடத்துக்குள் நுழையும் தேவை எங்களுக்கு ஏற்பட்டது.

அக்டோபர் 29, ஞாயிறு

ஜூன் மாதத்தில், யூனியன் சதுக்கத்தை ஒட்டிய ஹில்டன், பார்க் 55 ஆகிய இரு பெரும் விடுதிகளின் உரிமையாளர் நிறுவனம் 72.5 கோடி டாலர் கடனுக்கான தவணையை நிறுத்தியது. அதற்குச் சொன்ன காரணங்களுள் ஒன்று, 2027 வரை நகரின் மாநாட்டு அட்டவணை எதிர்பார்த்ததைவிட மெலிந்திருக்கிறது என்பது. அலுவலக இடங்களும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காலி. ஒரே தொழிலைச் சார்ந்த நடுநகர் அந்தத் தொழில் தளரும்போது தானும் தளரும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காண முடியாது. இங்கே பொருளாதார மீட்சி என்ற பேச்சு எழும்போதெல்லாம் மாநாடுகளைத் திரும்ப அழைப்பதே முதல் வாக்கியமாக இருப்பது எனக்குக் கவலை தருகிறது; மாநாடு இல்லாத வாரத்திலும் அந்தக் காப்பிக் கடைக்குப் போகக்கூடியவர்கள் இங்கே வீடு கிடைத்துக் குடியேறியவர்கள் மட்டுமே.

நவம்பர் 9, வியாழன்

தெருக்கள் கழுவப்படுகின்றன, சுவர்களில் வண்ணம் பூசப்படுகிறது, நடைபாதைக் கூடாரங்கள் அகற்றப்படுகின்றன. பெரிய தலைவர்கள் வருவதால்தான் சுத்தம் செய்கிறார்கள் என்ற பேச்சை ஆளுநர் கேவின் நியூசம் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையைப் பாராட்டுகிறேன். ஆனால் இரண்டு வாரங்களில் செய்ய முடிந்த துப்புரவுப் பணி இத்தனை ஆண்டுகளாக ஏன் முடியாமல் போயிற்று என்று கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு. கூடாரத்தில் இருந்தவர்கள் இப்போது எங்கே உறங்குகிறார்கள் என்ற கேள்வி அதைவிடப் பெரியது. 1969இல் டூர் கேட்டதும் அதே கேள்விதான்.

நவம்பர் 15, புதன்

மாஸ்கோனியைச் சுற்றி உயர்ந்த இரும்பு வேலி. வண்டிகளுக்கு வழியில்லை, நடந்து போவோர் சோதனைச்சாவடியில் பையைத் திறந்து காட்ட வேண்டும். 21 பொருளாதாரங்களின் பிரதிநிதிகள் வரும்போது பாதுகாப்பு இறுக்கமாக இருப்பது நியாயம் என்பதை மறுக்கவில்லை. எனினும் மருந்து வாங்கப் போன மூதாட்டியுடன் இன்று நானும் வரிசையில் நின்றேன். "என் வீட்டுக்குப் போகவே சோதனையா, தம்பி?" என்று அவர் தம் மொழி கலந்த ஆங்கிலத்தில் கேட்டபோது என்னால் மறுமொழி கூற முடியவில்லை. வேலிக்கு உட்பட்ட சிறு உணவகங்கள் சிலவற்றின் கதவுகளில் இந்த வாரம் விடுமுறை என்ற தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. உலகத் தலைவர்கள் கூடும் கூடத்துக்கு மிக அருகில் இருப்பவர்களுக்கே வியாபாரம் நின்றுபோயிற்று.

நவம்பர் 19, ஞாயிறு

வேலியைப் பிரித்து லாரிகளில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். தெருக்கள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன.

எங்கள் பகுதியின் மேற்பார்வையாளருக்கு (நகரச் சபையில் எங்கள் பிரதிநிதிக்கு) அனுப்ப ஒரு கடிதம் எழுதி, அக்கம்பக்கத்தாரிடம் காட்டிவருகிறேன். மாநாட்டைக் குறை சொல்வது அதன் நோக்கமன்று. தெரு அடைப்பு எதுவாயினும் அதன் நாள்களை மூன்று மாதங்களுக்கு முன்பே முதியோர் இல்லங்களில் சீன, பிலிப்பினோ, ஸ்பானிய மொழிகளிலும் ஒட்ட வேண்டும். ஹோவர்ட் அடைக்கப்படும் நாள்களில் ஊன்றுகோலுடனும் சக்கர நாற்காலியுடனும் செல்பவர்களுக்கு ஒரு பக்க நடைபாதை எந்நேரமும் திறந்திருக்க வேண்டும், மாறிய பேருந்து நிறுத்தத்துக்கு ஒரு சிற்றுந்து விட வேண்டும். பாதுகாப்பு வேலிக்குள் சிக்கும் சிறு கடைகளுக்கான இழப்பீட்டை விடுதி வரியிலிருந்து முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். இந்த வரியை மாநாடுகள் ஈட்டித் தருகின்றன என்றால், அவற்றால் நேரும் இழப்பையும் அந்த வரியே ஏற்பதுதான் முறை. 1973 உடன்பாட்டிலேயே அதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. நான்காவது கோரிக்கையாக, மாஸ்கோனியின் தெருமட்டத்தில் காலியாக உள்ள முகப்புகளை மாலையிலும் ஞாயிறன்றும் திறந்திருக்கும் கடைகளுக்குக் குறைந்த வாடகையில் விட வேண்டும் என்று சேர்த்திருக்கிறேன். மூதாட்டி கடிதத்தைப் படித்துவிட்டு, சிற்றுந்து பற்றிய வரியை முதலில் வைக்கச் சொன்னார். அப்படியே மாற்றினேன். செவ்வாயன்று வுல்ஃப் ஹவுஸ் வாசிகள் சிலரிடம் கையொப்பம் வாங்கப் போகிறோம்.