தகரக் கூரைச் சூட்டில் ஓடும் தெர்மாமீட்டர்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் மாடிக் கொட்டகையின் தகரம் கத்தரி வெயிலில், மதியம் 2 மணிக்கு, 61 டிகிரி காட்டியது. அந்தச் சூட்டைக் கொண்டே ஒரு சிறிய டிஜிட்டல் தெர்மாமீட்டரைப் பேட்டரி இல்லாமல் ஓட்ட வேண்டும் என்று ஆசை.

சென்னை ரிச்சி தெருவில் இரண்டு பெல்டியர் தகடுகள் வாங்கிவந்தேன். நான்கு சென்டிமீட்டர் சதுரம், உள்ளே 127 ஜோடி குறைகடத்திகள். இரு முகங்களுக்கும் இடையே ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு தகடு ஏறத்தாழ 0.05 வோல்ட் தரும். 1821இல் சீபெக் கண்ட விளைவுதான் இது.

இரண்டையும் தொடராக இணைத்துத் தகரத்தில் ஒட்டி, மேலே ஹீட் சிங்க் (சூட்டைக் காற்றில் கலைக்கும் உலோகத் துண்டு) வைத்தேன். முதலில் 0.8 வோல்ட். பத்தே நிமிடத்தில் 0.1. ஹீட் சிங்கும் கொதித்துவிட்டது! எவ்வளவு சூடு என்பது பொருட்டே இல்லை, வித்தியாசம்தான் மின்சாரம் என்பது அப்போதுதான் உறைத்தது. வேலூரில் சூட்டுக்குப் பஞ்சமில்லை; குளிர்ச்சியைத்தான் தேட வேண்டும்.

ஹீட் சிங்குக்குப் பதிலாகத் தண்ணீர் நிறைத்த மண்பானையைத் தகடுகள்மேல் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் குளிர்ந்தது, ஆனால் தடித்த மண் வெப்பத்தைக் கடத்தவில்லை. "வெயிலில் வைத்தால் எப்படிடா குளிரும்? ஈரத்துணி சுற்றி, மேலே ஓலை போடு" என்றார் அம்மா. அலுமினியத் தூக்கில் தண்ணீர் ஊற்றி, பழைய வேட்டித் துணியைச் சுற்றி, அதன் ஒரு முனையை உள்ளே தொங்கவிட்டேன். ஒரு கிராம் நீர் ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அன்றைய உலர்ந்த காற்றில் துணி ஓயாமல் வேலை செய்தது. மல்டிமீட்டரில் 1 வோல்ட், ஒரு மணி நேரம் கழித்தும் அதே 1 வோல்ட்! அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அடுத்து ஜூல் தீஃப் சுற்று, அதாவது குறைந்த மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் சிறு சுற்று. சிலிக்கான் டிரான்சிஸ்டர் விழிக்க 0.6 வோல்ட்டாவது வேண்டும். இப்போது அது இருக்கிறது. பழுதான சிஎஃப்எல் விளக்கிலிருந்து எடுத்த ஃபெரைட் வளையத்தில் இருபது சுற்று கம்பி. வெளிவரும் துடிப்புகள் டையோடு வழியாக, மின்னைச் சேமிக்கும் 1 ஃபாரட் கெபாசிட்டருக்குப் போகின்றன, 3.3 வோல்ட்டைத் தாண்டாமல் இருக்க ஒரு ஜீனர் டையோடு. இருபத்தைந்து நிமிடத்தில் 3 வோல்ட் ஏறியது.

தெர்மாமீட்டர் 41.2 என்று காட்டியது. கெபாசிட்டரில் சேர்ந்த மின்னில் இரவு 2 மணி வரை அணையவில்லை.

இரவு 9 மணிக்கு மறுபடி அளந்தபோது மின்னழுத்தம் தலைகீழாக, -0.06 வோல்ட். தெளிந்த வானத்தின் கீழ் தகரம் தண்ணீரைவிடக் குளிர்ந்துவிட்டிருந்தது. இந்த அளவுக்கு ஜூல் தீஃப் விழிக்காது. அதற்கு வேறு சுற்று தேடுகிறேன்.