ரெண்டு பேருக்குப் போனதும் அறுபத்திரண்டு பேருக்குப் போனதும்

“முன்னாடி ரெண்டு பேருக்குத்தான் போச்சு தம்பி. இப்ப அறுபத்திரண்டு பேருக்கும் போச்சே.”

கல்லூரியில் மாணவர்களின் மார்க்கை டைப் செய்யும் எக்ஸாம் செல் மேடம் போனில் சொன்னது இவ்வளவுதான். போனது என்று அவர் சொன்னது டைப் செய்த மார்க்கை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்வது எளிதாக இருந்திருக்கும். அவர் கணக்கைச் சொன்னார், கணக்கு சரியாகவும் இருந்தது. நான் செய்ததும் சரி என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படிச் சரியாக இருக்கும் என்பது மட்டும் பிடிபடவே இல்லை.

நாங்கள் கோடு எழுதிப் பராமரிக்கும், இன்டர்னல் மார்க் போடும் இணைய ஃபார்ம் அது. ஒரு வகுப்பு முழுக்க ஒரே பக்கத்தில் வரும். ஆளுக்கு ஒரு ரோல் நம்பர், ஐந்து பாடம், பாடத்துக்கு மூன்று ஃபீல்டு: பழைய மார்க், புது மார்க், குறிப்பு. ஆக ஒருவருக்கு 16. வகுப்பில் 62 பேர் என்றால் 992. மேலே துறை, செமஸ்டர், பிரிவு, தேர்வு எண், டோக்கன் என்று ஐந்து சேர்ந்தால் 997. சர்வரில் அந்த ஃபார்மை வாங்கிக்கொள்ளும் கோடு எழுதப்பட்ட மொழி பிஎச்பி. அது ஒரு சப்மிட்டில் வாங்கிக்கொள்ளும் ஃபீல்டுகளுக்கு ஒரு வரம்பு உண்டு. மேக்ஸ் இன்புட் வார்ஸ் என்ற அந்த அமைப்பின் இயல்பான அளவு 1000. பாடத்துக்கு ஒரு ஆப்சென்ட் செக்பாக்ஸும் இருந்தது. டிக் போடாத செக்பாக்ஸை பிரவுசர் அனுப்பவே அனுப்பாது. எல்லோரும் தேர்வு எழுதிய வகுப்புக்கு அதனால் எந்தப் பிரச்சினையும் வரவில்லை. ஐந்து பேர் ஐந்து பாடத்துக்கும் வரவில்லை என்றால் 25 டிக், மொத்தம் 1022. கடைசி 22 ஃபீல்டு ஸ்கிரிப்டுக்கு, அதாவது மார்க்கைப் பதிவு செய்யும் எங்கள் கோடுக்கு, வந்தே சேராது. பட்டியலின் கடைசி ஆள் முழுவதுமாகப் போய்விடுவார், அவருக்கு முந்தையவருக்கு இரண்டு பாடம் போகும். வராத மார்க்கை 0 என்று எழுதிவிடும் வரி ஒன்று பழைய கோடில் இருந்ததால், அந்த இரண்டு பாடத்திலும் 0 விழும்.

பட்டியல் ஆங்கில அகர வரிசையில் இருந்தது. அதனால் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாம் வி, ஒய் எழுத்துகளில் பெயர் தொடங்குகிற பிள்ளைகள். எந்த வகுப்பானாலும் கடைசி வரிசைக்காரர்கள்தான்.

பிழை ஒரு மனுஷியின் சோர்வைப் போலவே நடந்துகொண்டது. இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. அறுபது பேருக்கு டைப் செய்து வந்தவர் கடைசி இரண்டு பேரைக் கோட்டைவிட்டார் என்றால் யாரும் நம்புவார்கள். துறையில் அப்படித்தான் நம்பினார்கள். “கடைசில வரும்போது கவனம் போயிடுது” என்று மேடமிடமே சொல்லியிருக்கிறார்கள். எங்களுக்கு வந்த டிக்கெட்டிலும், அதாவது புகார்ப் பதிவிலும், டேட்டா என்ட்ரி தவறு என்றே எழுதியிருந்தது. “நான் போட்டேன் தம்பி, போட்டுட்டு ஒரு தடவ பாத்துட்டுத்தான் சேவ் குடுப்பேன்” என்று அவர் சொன்ன பிறகுதான், சர்வர் தன் எச்சரிக்கைகளைக் குறித்து வைக்கும் லாக்கைத் திறந்தேன். இன்புட் வேரியபிள்ஸ் 1000-ஐத் தாண்டிவிட்டது என்ற எச்சரிக்கை அங்கே வரிசையாகக் கிடந்தது. எந்தக் கோப்பு என்ற இடத்தில் ‘அன்னோன்’, எந்த வரி என்ற இடத்தில் 0. ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கும் முன்பே வெட்டு நடந்துவிடுவதால் குற்றம் சாட்ட ஒரு கோப்புப் பெயர்கூட அதற்குக் கிடையாது. லைவ் சர்வரில் எச்சரிக்கைகளைத் திரையில் காட்ட மாட்டோம், அது முறையும் அல்ல. எனவே டைப் செய்கிறவருக்கு ‘சேவ் ஆனது’ என்ற பச்சை வரி மட்டும் தெரிந்தது.

இந்த வரம்பு வந்த காரணத்தில் எனக்கு மனக்குறை இல்லை. 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் என்ற ஹேக்கர் மாநாட்டில் இரண்டு ஜெர்மன் ஆய்வாளர்கள் ஒரு தாக்குதலை விளக்கினார்கள். பெயரை எங்கே வைப்பது என்று முடிவுசெய்யக் கணக்கிடும் எண்ணான ஹாஷ் மதிப்பில் மோதிக்கொள்ளும்படி தேர்ந்தெடுத்த பெயர்களோடு ஏராளமான ஃபீல்டுகளை ஒரே ஃபார்மில் அனுப்பினால், அவற்றை அடுக்கி முடிப்பதற்குள் சர்வரின் பிராசசர் திணறிப்போகும். அடுத்த மாதமே, 2012 ஜனவரியில், பிஎச்பி 5.3.9-இல் இந்த வரம்பு வந்துவிட்டது. அவசரத்துக்குப் போட்ட நல்ல பூட்டு. ஆனால் வரம்பு தாண்டினால் என்ன செய்வது என்பதில் பிஎச்பிக்கே ஒரே மனம் இல்லை. அனுப்பியதன் மொத்த அளவு போஸ்ட் மேக்ஸ் சைஸ் என்ற இன்னொரு வரம்பைத் தாண்டினால், அதாவது இயல்பாக 8 எம்பியைத் தாண்டினால், ஃபீல்டுகள் வந்து சேரும் போஸ்ட் அரே முழுக்கக் காலியாக வரும். எண்ணிக்கை 1000-ஐத் தாண்டினால் முதல் ஆயிரம் வரும், மிச்சம் வராது. முன்னதில் எல்லாம் போகிறது, பின்னதில் கொஞ்சம் போகிறது. அந்த மேடமும் நானும் போனில் பேசியது கிட்டத்தட்ட இதைத்தான்.

வரம்பை உயர்த்துவதுதான் நேரான வழி. ஸ்கிரிப்டுக்குள்ளிருந்து அதை மாற்ற முடியாது. சர்வர் அமைப்பில்தான் மாற்ற வேண்டும். சர்வரோ எங்கள் பொறுப்பில் இல்லை. கேட்டு அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். மற்ற துறைகளிலும் மார்க் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சேவிலும் யாருக்கோ 0 விழுந்துகொண்டிருக்கலாம். அன்று மாலையே ஃபார்மின் கடைசியில், திரையில் தெரியாத ஒரு ஹிடன் ஃபீல்டு வைத்தேன். அது வந்து சேரவில்லை என்றால் ஃபார்ம் பாதியில் வெட்டுப்பட்டது என்று பொருள். எதையும் எழுதாமல் நிறுத்திவிட்டு, காரணத்தைச் சொல்லும் ஒரு செய்தியைக் காட்டு. சில வரி கோடுதான். கல்லூரி ஒருங்கிணைப்பாளருக்கு மெயிலும் அனுப்பினேன். மெயில் அவருக்குப் போனது, டைப் செய்கிறவர் வரை போகவில்லை.

மறுநாள் காலை மேடம் ஒரு வகுப்பு முழுக்க டைப் செய்து சேவ் கொடுத்திருக்கிறார். செய்தி வந்திருக்கிறது. பேக் அழுத்தியிருக்கிறார். லாகின் உள்ள பக்கம், பக்கத்தைச் சேமித்து வைக்காதே என்று பிரவுசருக்குச் சொல்லும் நோ-ஸ்டோர் தலைப்பை பிஎச்பி செஷன் தானாகவே அனுப்பும், ஆகவே பிரவுசர் எதையும் நினைவில் வைத்திருக்கவில்லை. காலி ஃபார்ம்தான் வந்திருக்கிறது.

“மேடம், தப்பா ஏறிடக்கூடாதுன்னுதான் நிறுத்தி வச்சிருக்கேன்” என்றேன்.

“சரி தம்பி. திரும்பப் போட்டுடறேன்.”

அவர் அப்படி உடனே ஒத்துக்கொண்டது எனக்குத் தாங்கவில்லை. அன்று மதியமே பக்கத்தை 31 பேராகப் பிரித்துக் கொடுத்தேன். அதை முந்தைய நாளே செய்திருக்கலாமே என்று சக ஊழியர் ஒருவர் கேட்டார். பிரித்தால் சேவ் செய்யும் பகுதியையும் அறிக்கையையும் மாற்ற வேண்டும், ஒரு மாலையில் சோதித்து முடியாது. அதற்குள் விழும் 0-களை யார் தேடுவது? இது என் பதில். வந்த ஆயிரத்தை எழுதிவிட்டு, வராத பெயர்களைச் சிவப்பில் காட்டியிருந்தால் என்ன என்பது அவருடைய அடுத்த கேள்வி. அதற்கு அன்று நான் சொன்ன பதில் எனக்கே முழுதாகப் பிடிக்கவில்லை. எழுதப்பட்ட 60 பேரைப் பார்த்ததும் யாரும் சிவப்பு வரியைப் படிக்க மாட்டார்கள் என்றேன். யாரும் என்று நான் சொன்ன கூட்டத்தில், சேவ் கொடுக்கும் முன் ஒருமுறை பார்த்துவிட்டே கொடுக்கும் அந்த மேடமும் இருந்தார்.

இன்னொரு பக்கமும் யோசிக்கிறேன். மேடம் சொன்ன அந்த ‘ரெண்டு பேர்’ யார் என்று யாருக்கும் தெரியாமலேயே போயிருந்தது. வாங்காத 0 ஒன்று, வாங்கிய 0-ஐப் போலவே பட்டியலில் உட்கார்ந்திருக்கும். அறுபத்திரண்டு பேருக்குப் போனால் அன்றே போன் வருகிறது. ரெண்டு பேருக்குப் போனால் அந்தப் பிள்ளைதான் வந்து நிற்க வேண்டும், நின்றாலும் நம்ப மாட்டார்கள். இதை நினைத்தால் என் முடிவு திடமாகிறது. ஆனால் அதற்கான விலையை ஒரு முழுக் காலை உழைப்பாகக் கொடுத்தவர், ஏற்கெனவே செய்யாத தவறுக்குப் பேச்சு வாங்கியவர். அங்கே திடம் போய்விடுகிறது.

வரம்பு பின்னர் 5000 ஆனது. கல்லூரிகள் பாடம் நடத்தப் பயன்படுத்தும் மூடில் என்ற மென்பொருளை பிஎச்பி 8-இல் நிறுவும்போது அதுவும் இதே அளவைத்தான் கேட்கிறது. மார்க் ஃபார்மை இப்போது ஒவ்வொரு வரியாக, டைப் செய்யச் செய்யவே சேவ் ஆகும்படி மாற்றிவிட்டோம். அங்கே இந்தக் கேள்வி எழாது. டேட்டா என்ட்ரி தவறு என்றிருந்த டிக்கெட்டின் காரணத்தைத் திருத்தி, லாக் வரிகளையும் இணைத்து, துறைத் தலைவருக்கும் ஒரு நகல் போகும்படி செய்தேன். மேடமிடம் யாராவது அதைச் சொன்னார்களா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிப்பது என் வேலைதானா என்று தயங்கினேன்.

இப்போது கையில் இருப்பது கல்விக் கட்டணச் சலுகை விண்ணப்பம். குடும்ப விவரம், வருமானச் சான்று, ஸ்கேன் செய்த கோப்புகள் என்று நீளமானது. நிரப்புகிறவர்களில் பலர் செல்போனில் நிரப்புவார்கள். பாதி வந்தால் வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா? வழக்கம்போல நிறுத்தும் வரியைத்தான் முதலில் எழுதினேன். பிறகு அதை எடுத்துவிட்டு, வந்தவரை ‘முழுமையற்றது’ என்ற நிலையில் வைக்கும்படி மாற்றினேன். நேற்று மறுபடியும் நிறுத்தும் வரியையே போட்டிருக்கிறேன். லைவுக்குப் போகும் முன் மேடமைக் கூப்பிட்டு, இதை அவரையே ஒருமுறை நிரப்பிப் பார்க்கச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.