செவுளுக்கு எத்தனை மார்க்?

"மீன் எதன் மூலம் சுவாசிக்கிறது?" என்று கேட்டால் எந்தப் பள்ளிப் பிள்ளையும் "செவுள்" என்று சொல்லிவிடும். ஒரு மார்க். கேள்வித்தாள் அடுத்த கேள்விக்குப் போய்விடும். எனக்கோ பிழைப்பே அந்த ஒரு மார்க்கில்தான் ஓடுகிறது. மும்பையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தருகிறேன். ஆராய்ச்சி, மீன்களின் சுவாசம். சனிக்கிழமைகளில் தாராவியில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு அறிவியல் வகுப்பு எடுக்கிறேன். அங்கே நான் கேட்பது இரண்டாவது கேள்வி: செவுள் இருக்கட்டும், தண்ணீருக்குள் ஆக்சிஜன் எங்கிருந்து வந்தது?

"எச்-டூ-ஓ மிஸ். அதுலயே ஓ இருக்கே. மீன் அதைப் பிரிச்சு எடுத்துக்கும்."

ஒவ்வொரு வருஷமும் இந்தப் பதில் வரும். கல்லூரியில் முதல் வருஷ மாணவர்களிடமிருந்தும் வரும். இதைக் கேட்டுச் சிரிக்கிற ஆசிரியர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. யோசித்துப் பாருங்கள்: வேதியியல் பாடத்தில் தண்ணீரில் ஆக்சிஜன் உண்டு என்று படித்தாகிவிட்டது, உயிரியல் பாடத்தில் மீன் தண்ணீரிலிருந்து ஆக்சிஜன் எடுக்கிறது என்று படித்தாகிவிட்டது. இரண்டு சரியான பாடங்களைச் சேர்த்தால் கிடைக்கும் தப்பான விடை அது. சேர்க்கத் தெரிந்த பிள்ளையை மக்கு என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

தண்ணீரைப் பிளக்க ஆகும் சக்தி மிக அதிகம். அந்த ஆக்சிஜனை வைத்துச் சாப்பாட்டை எரித்தால் வருகிற வரவு அந்தச் செலவுக்கே போய்விடும், மீன் நீந்த ஒன்றும் மிஞ்சாது. தண்ணீரைப் பிளப்பது செடியும் பாசியும், அதுவும் வெயிலை வைத்துக்கொண்டு. மீன் எடுப்பது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை. அது எவ்வளவு சொற்பம் என்பதுதான் விஷயமே. 30 டிகிரியில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் சுமார் 7.5 மில்லிகிராம் கரைந்திருக்கும். ஒரு லிட்டர் காற்றிலோ 250 மில்லிகிராமுக்கு மேல். முப்பது மடங்குக்கும் அதிகம். போதாததற்குத் தண்ணீர், காற்றைவிட 800 மடங்கு கனம். அதைத்தான் மீன் ராப்பகலாக வாய் வழியே வாங்கிச் செவுள் வழியே தள்ளிக்கொண்டிருக்கிறது.

இதைச் சொன்னதும் வகுப்பில் யாராவது ஒருவர் சரியாகப் பிடித்துவிடுவார். காற்றில் அவ்வளவு இருந்தால் வெளியே எடுத்துப் போட்ட மீன் ஏன் மூச்சுமுட்டிச் சாகிறது?

இதற்கு வாயால் பதில் சொல்வதில்லை. மீன் மார்க்கெட்டில் எனக்கு வழக்கமாக மீன் கொடுக்கும் கோளி மாவ்ஷியிடம் (கோளி என்றால் இந்த ஊர் மீனவர், மாவ்ஷி என்றால் சித்தி) கானாங்கெளுத்திச் செவுள் கேட்டு வாங்கிக்கொள்வேன். இங்கே அதற்கு பாங்டா என்று பெயர். சுத்தம் செய்யும்போது அவர் எறிவதுதான், காசு கேட்கமாட்டார். "பூனை வளக்கிறீங்களா மேடம்?" என்று முதலில் கேட்டார்; இப்போது தனியாக ஒரு கவரில் எடுத்து வைத்துவிடுகிறார். ஒரு பக்கத்துக்கு நான்கு வளைவுகள், ஒவ்வொன்றிலும் இரண்டு வரிசையாகச் சிவந்த இழைகள். அதை வெள்ளைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டால் இழை இழையாக விரிந்து மிதக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு இழையின் மேலும் மெல்லிய தகடுகள் அடுக்கியிருப்பது தெரியும். அந்தத் தகடுகளில்தான் ரத்தமும் தண்ணீரும் உரசிப்போகின்றன. இப்போது விரலால் வெளியே தூக்கினால் அத்தனையும் குளித்துவிட்டு வந்த கூந்தல் மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆக்சிஜன் சுற்றிலும் இருக்கிறது, வாங்குவதற்குப் பரப்பு இல்லை. பிள்ளைகள் கிண்ணத்தில் போடுவதும் தூக்குவதுமாகவே இருப்பார்கள். வீட்டில் அம்மா செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான், ஆனால் அதைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தவர் யாரும் இல்லை.

அடுத்து வேர்க்கடலை. ரத்தமும் தண்ணீரும் செவுளில் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன என்பதைக் காட்ட ஒரு விளையாட்டு. பிள்ளைகள் இரண்டு வரிசை: ஒன்று தண்ணீர், ஒன்று ரத்தம். தண்ணீர் வரிசைக்காரர் கையில் ஆளுக்கு எட்டுக் கடலை, ரத்த வரிசை வெறுங்கை. எதிரில் பார்க்கிறவரோடு சமமாகப் பங்கு போட வேண்டும். ஜோடி ஜோடியாக ஒரே பக்கம் நடந்தால் நாலுக்கு நாலு, அதோடு வியாபாரம் முடிந்தது. எதிரெதிராக நடந்தால் ரத்தக்காரர் தன்னைவிடக் கூடுதல் கடலை உள்ளவரையே சந்தித்துக்கொண்டு போவார். கடைசியில் கை நிறைந்துவிடும். சில மீன்கள் கரைந்த ஆக்சிஜனில் முக்கால் பங்குக்கு மேல் இப்படி எடுத்துவிடும். நாம் இழுக்கும் காற்றில் இருக்கும் ஆக்சிஜனில் கால் பங்குதான் எடுக்கிறோம். விளையாட்டில் கணக்கு ஒருபோதும் சரியாக வந்ததில்லை. கடலையைத் தின்றுவிடுகிறார்கள். போகட்டும்.

கல்லூரி ஆய்வகத்தில் நான் செய்வதும் இதே கணக்குதான், தின்ன ஆளில்லாமல். ஜிலேபிக் கெண்டையை ஒரு மூடிய கண்ணாடிப் பெட்டியில் விட்டு, ராத்திரி முழுக்கப் பழகவிட்டு, காலையில் பெட்டியில் ஆக்சிஜன் எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்று அளப்பேன். மூடிக்கு அடியில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் அளவு பாழ். 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் கரையும், 30-ல் 7.5தான். மீனுக்கோ சூடு ஏற ஏறத் தேவை கூடுகிறது. வரவு குறைந்து செலவு கூடும் அந்த இடத்தில் மீன் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும் என்பதுதான் என் ஆராய்ச்சி. பிள்ளைகள் இதையே தொட்டி மீனின் செவுள் மூடி நிமிஷத்துக்கு எத்தனை முறை திறக்கிறது என்று எண்ணிப் பார்ப்பார்கள். ஐஸ் பொட்டலத்தைத் தொட்டியில் மிதக்கவிட்டால் எண்ணிக்கை மெள்ள இறங்கும். அதற்கு வேண்டியது ஒரு கடிகாரமும் பொறுமையும்.

இப்படி ஒரு பாடத்தை இழுத்துக்கொண்டு போனால் போர்ஷன் முடியாது என்று ஒரு பயிற்சிக் கூட்டத்தில் என்னிடம் சொன்னார்கள். உண்மைதான், முடியாது. ஆனால் இது நான் கண்டுபிடித்த வழியில்லை. 1972-ல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத்தில் கிராமப் பள்ளிகளில் செய்து பார்த்துப் படிக்கும் திட்டம் தொடங்கியது. முப்பது வருஷம் நடந்து 2002-ல் நிறுத்தப்பட்டது. இதே மும்பையில், மான்குர்டில் இருக்கும் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் 1974-ல் தொடங்கியது. பிள்ளை தப்பாகச் சொன்னால் அடிக்காமல், அது எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது என்று விசாரிப்பது உலகம் முழுக்க ஒரு தனி ஆராய்ச்சித் துறை.

அப்புறம், போர்ஷனுக்குள் அடங்காத கேள்விகள்தான் என்னைப் படிக்க வைக்கின்றன. "கடல் உப்பு, ஆனா கடல் மீன்ல குழம்பு வச்சா ஏன் உப்பு போடணும்?" என்று ஒரு பையன் கேட்டான். அருமையான கேள்வி. கடல் மீனின் ரத்தத்தில் இருக்கும் உப்பு, கடலில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். கடல் அதன் உடம்பிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈடுகட்ட மீன் கடல்நீரைக் குடிக்கிறது என்று 1930-ல் ஹோமர் ஸ்மித் என்ற அமெரிக்க உடலியல் விஞ்ஞானி காட்டினார். குடித்த உப்பு எங்கே போகிறது? செவுள் வழியாக வெளியே தள்ளப்படுகிறது என்று அடுத்த வருஷமே விலாங்கு மீனை வைத்துக் காட்டியவர் ஆன்செல் கீஸ், கோபன்ஹேகனில் ஆகஸ்ட் க்ரோவின் ஆய்வகத்தில். பின்னாளில் கொழுப்பு, மாரடைப்பு என்று உலகத்தையே பயமுறுத்திய அதே கீஸ்தான். ஆக, மூச்சு விடும் உறுப்பே உப்பையும் கழிக்கிறது. ஒரு மார்க் பதிலில் இதற்கு இடமேது?

மகாளய பட்சம் முடிந்ததும் இங்கே மும்பை வால்கேஷ்வரில் இருக்கும் பாணகங்கா கோயில் குளத்தில் மீன்கள் செத்து மிதக்கும் செய்தி பல வருஷங்களில் வந்திருக்கிறது. படையல் சோறும் மாவும் குளத்தில் விழுந்து அழுகும். அழுக வைக்கும் பாக்டீரியா ஆக்சிஜனைத் தின்றுவிடும். ராத்திரியில் பாசியும் ஆக்சிஜன் தராது, அதுவும் வாங்கத்தான் செய்யும். அதனால் விடியற்காலைதான் மீனுக்குக் கண்டம். போன தடவை வகுப்பில் அந்தச் செய்தித் தாளை நடுவில் போட்டு, காரணம் சொல்லுங்கள் என்றேன். விஷம் என்றார்கள், சோப்பு என்றார்கள், அப்புறம் ஒரு பெண் கரைந்த ஆக்சிஜனுக்கு வந்து சேர்ந்தாள். அவள் பாட்டி வருஷா வருஷம் தர்ப்பணத்துக்குப் பாணகங்கா போகிறவராம். வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

"பாட்டி என்ன சொன்னாங்க?"

"மீனுக்குச் சோறு போட்டா புண்ணியம்னுதான் எங்கிட்ட சொன்னாங்க, மூச்சு முட்டும்னு ஒருத்தரும் சொல்லலையேன்னாங்க மிஸ். இந்த வருஷம் எல்லாத்தையும் காக்காவுக்கே வச்சிடறாங்களாம்."