நெகட்டிவ் என்று எழுதும் முன்

குழந்தைகளின் பயாப்சியில் (சோதனைக்கு எடுத்த கட்டித் திசுவில்) பல நேரம் தெரிவது சின்னச் சின்ன, உருண்டையான நீலச் செல்கள்தான். அது லிம்ஃபோமாவாகவும் (நிணநீர்ச் செல் புற்று) இருக்கலாம், ஈவிங் சார்கோமாவாகவும் (எலும்பு, மென்திசுப் புற்று) நியூரோபிளாஸ்டோமாவாகவும் (நரம்புச் செல் புற்று) இருக்கலாம். எந்த வகைச் செல் என்று காட்டும் மார்க்கர் சாயங்களில், வெள்ளணுக்களுக்கான சிடி45 மட்டும் போட்டுப் பார்த்து, சாயம் ஏறவில்லை என்றதும் லிம்ஃபோமாவைக் கழித்துவிடுவது பழைய பொறி. முதிராத செல்களாலான லிம்ஃபோபிளாஸ்டிக் வகை லிம்ஃபோமாவில் சிடி45 மங்கலாகவோ வராமலோ போகும். போதாததற்கு அந்தச் செல்கள் ஈவிங்கில் வழக்கமாக ஏறும் சிடி99 சாயத்தை ஏற்று ஈவிங் வேடமும் போடும். டிடிடி (முதிராத செல்), சிடி3 (டி செல்), பாக்ஸ்5 (பி செல்) மூன்றும் முதல் சுற்றிலேயே வேண்டும். செல்கள் பெரிதாக இருந்தால் சிடி30, ஏஎல்கே மார்க்கர்களும் வேண்டும்.

ஊசி பயாப்சி என்றால் 3-4 மைக்ரான் தடிமனில் பத்துப் பன்னிரண்டு வெற்று ஸ்லைடுகளை ஒரே மூச்சில் வெட்டி வைப்பது நல்லது. மெழுகில் பதித்த திசு பிளாக்கை மறுபடி மறுபடி மைக்ரோடோமில் (சீவும் கருவி) ஏற்றினால், சமன்படுத்துவதிலேயே திசு தீர்ந்துவிடும்.

வேகமாக வளரும் பி செல் வகையான பர்கிட் லிம்ஃபோமாவில் சிடி20, சிடி10, பிசிஎல்6 பாசிட்டிவ், டிடிடி நெகட்டிவ், பிசிஎல்2 இல்லை, அல்லது மிக மங்கல், கி-67 (பெருகும் செல்களைக் காட்டும் மார்க்கர்) ஏறக்குறைய 100%. உருவம் அச்சு அசலாக இருந்தும் கி-67 மட்டும் 60% என்றால், முதலில் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினைத்தான் சந்தேகப்படுவோம். முழு நிணநீர்க் கணுவை வெட்டாமல் போட்டால் ஓரம் பதப்படும், நடு பதப்படாது. நடுவில் பிரியும் செல்கள் கண்ணுக்குத் தெரிந்தும் கி-67 வெறுமையாக இருந்தால், தவறியது சாயம். கணுவை 3 மி.மீ. துண்டுகளாக வெட்டி, பத்து மடங்கு ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம் வைக்க வேண்டும். ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கான (பதப்படுத்தாத செல்களில் மார்க்கர் பார்க்கும் சோதனை) துண்டை அதற்கு முன்பே, செல்களை உயிரோடு வைக்கும் ஆர்பிஎம்ஐ கரைசலில் எடுத்துவிட வேண்டும். ஃபார்மலின் பட்டபின் கேட்டுப் பயனில்லை.

மிகவும் வழுக்கும் இடம் முன் மீடியாஸ்டினம் (மார்பின் நடுவே, இதயத்துக்கு முன்னுள்ள பகுதி). அங்குள்ள, டி செல்கள் முதிரும் தைமஸ் சுரப்பியில் குழந்தையின் இயல்பான செல்களே டிடிடி, சிடி1ஏ, சிடி3 எல்லாம் பாசிட்டிவ். கி-67-உம் உச்சத்தில் இருக்கும். டி லிம்ஃபோபிளாஸ்டிக் லிம்ஃபோமாவும் அப்படியே. இங்கே கைகொடுப்பது லிம்ஃபாய்டு மார்க்கரே அல்லாத, எபிதீலியச் செல்களை (உறுப்பின் உறைச் செல்களை) காட்டும் சைட்டோகெரட்டின்: தைமஸில் எபிதீலிய வலை அறுபடாமல் நிற்கும், லிம்ஃபோமா அதைக் கிழித்துப் பரவும். துண்டு மிகச் சிறியதென்றால் இதுவும் உறுதியில்லை.

எந்த நெகட்டிவுக்கும் அதே ஸ்லைடில் சாட்சி வேண்டும். சுற்றியுள்ள சிறிய டி செல்களிலும் சிடி3 வரவில்லையென்றால், ஸ்லைடு மறுபடி சாய மேசைக்கு.