“இது சூதாட்டம் இல்லை சார்!”

கடன் வாங்கிய கன்ட்ரோலர்களை எல்லாம் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது, பணமும் அறக்கட்டளைக் கணக்கில் ஏறிவிட்டது. கல்லூரியில் கேமிங் போட்டி வைத்து நன்கொடை திரட்ட நினைப்பவர்கள், எங்களைப் போல அலையாமல் இருக்க இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 2010 முதல் ‘கேம்ஸ் டன் க்விக்’ என்று ஒன்று நடக்கிறது. கேமை அதிவேகமாக முடித்துக் காட்டுவார்கள், பார்ப்பவர்கள் பணம் அனுப்புவார்கள், அது அறக்கட்டளைகளுக்குப் போகும். அதை வைத்துத்தான் எங்களுக்கு ஆசை வந்தது. மொபைலில் டீமாகச் சுட்டு விளையாடும் பிஜிஎம்ஐ ஒன்று, கால்பந்து கேமான ஃபிஃபா ஒன்று (2023-ல் பெயர் மாறிவிட்டது, ஆனால் எங்கள் வாயில் இன்னும் ஃபிஃபாதான்). திரள்வது முழுக்கக் குழந்தைகள் புற்றுநோய் சிகிச்சைக்கு.

எச்ஓடி அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டார். மாட்டியது ஆபீஸில். ‘நுழைவுக் கட்டணம் ரூ.100, முதல் பரிசு ரூ.5,000’ என்ற வரியைச் சூப்பரின்டெண்டென்ட் சிவப்பு மையில் வட்டம் போட்டார்.

“தம்பி, காசு கட்டி விளையாடுறீங்க, ஜெயிச்சா காசு வருது. இதுக்குப் பேர் என்னப்பா?”

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் பண விளையாட்டுகளுக்குத் தடை போட்டது அவருக்கு அத்துபடி. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை, அதாவது திறமையை வைத்து நடக்கும் கேமிங் போட்டிகளை, தனியாகப் பிரித்து, பதிவுக் கட்டணத்தையும் திறமைக்கான பரிசையும் அனுமதிக்கிறது என்று பிரின்ட் எடுத்துக்கொண்டு போனேன். புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்தச் சலுகைக்கு அங்கீகாரம், பதிவு எல்லாம் வேண்டும் என்பதும் உண்மை. ஒரு நாள் கூத்துக்கு யார் போய் அதெல்லாம் செய்வது? ரொக்கப் பரிசை எடுத்துவிட்டுக் கோப்பை என்று மாற்றினோம். வாரக்கணக்கில் தூங்கிய ஃபைல் சாயங்காலமே நகர்ந்தது. கடிதத்தில் ரொக்கம் என்ற சொல்லே வேண்டாம்.

அடுத்தது ரசீது. நுழைவுக் கட்டணமாக வாங்கினால் அது நன்கொடை ஆகாது, வருமான வரிச்சலுகைக்கான 80ஜி ரசீது தர முடியாது என்று அறக்கட்டளைக் கணக்காளர் சொல்லிவிட்டார். சரி, விளையாட்டு இலவசம், நன்கொடை அவரவர் விருப்பம் என்று ஆக்கினோம். பணத்தை மாணவர் யாருடைய ஜிபேயிலும் வாங்காதீர்கள். ரசீது பணம் கட்டியவர் பெயரில்தான் வரும். நூறு பேர் கொடுத்ததை ஒருவர் மொத்தமாகக் கட்டினால் அந்த ஒருவர்தான் கொடையாளி. பான் எண்ணையும் அங்கேயே எழுதி வாங்கிவிடுங்கள். ரொக்கம் ரூ.2,000-க்கு மேல் போனால் வரிச்சலுகை கிடையாது. மாணவர்களுக்கு இதில் அக்கறை இல்லை, பேராசிரியர்கள் முதலில் கேட்பதே இதைத்தான்.

அறக்கட்டளையின் க்யூஆர் முந்தின நாள் ராத்திரிதான் வாட்ஸ்அப்பில் வந்தது. பிரின்ட் போட்டால் மங்கலாக, எந்த போனிலும் ஸ்கேன் ஆகவில்லை. படமாக வேண்டாம், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். ஒட்டும் முன் ஒரு ரூபாய் அனுப்பி, திரையில் யார் பெயர் வருகிறது என்றும் பாருங்கள்.

போட்டி அன்று கல்லூரி வைஃபை பிஜிஎம்ஐயை உள்ளேயே விடவில்லை. செமினார் ஹாலுக்குள் மொபைல் சிக்னலும் கிடையாது, எல்லோரும் வராந்தாவுக்கு வந்தோம். முதலாண்டுப் பையன் ஒருவன் அரையிறுதிக்கு நடுவில் வெளியே தள்ளப்பட்டான். பதினெட்டு வயது ஆகாதவர்களை பிஜிஎம்ஐ நாளுக்கு மூன்று மணி நேரம்தான் ஆட விடும். காலையிலிருந்து ஹாஸ்டலில் பயிற்சி எடுத்தே அதைத் தீர்த்திருக்கிறான். அவன் டீம் மூன்று பேரோடு ஆடித் தோற்று, இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

ஃபிஃபாவில் வேறு சண்டை. இரவல் கன்ட்ரோலர் ஒன்றில் ட்ரிஃப்ட். ஸ்டிக்கைத் தொடாமலேயே டிஃபெண்டர் நைசாகக் கோட்டுக்கு வெளியே நடந்து போகிறான். அந்த இடைவெளியில் கோல். ரீமேட்ச் வைக்க வேண்டியதாயிற்று. இரவல் வாங்கும்போதே கன்ட்ரோலரை மேஜையில் வைத்து, கையை எடுத்துவிட்டு மெனுவைப் பாருங்கள். கர்சர் தானாக நகர்ந்தால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஃபைனலின்போது சூப்பரின்டெண்டென்ட் வந்தார். கதவோரம் நின்றே முழு மேட்சும் பார்த்தார். பெனால்டியில் “அடடா!” என்று அவர் குரல்தான் பெரிதாகக் கேட்டது. போகும்போது க்யூஆரை ஸ்கேன் செய்து ஐந்நூறு ரூபாய் போட்டுவிட்டு, பான் எண்ணைத் தாளில் தெளிவாக எழுதினார். வரிக்கணக்குக்கான 10பிஇ சான்றிதழ் நிதியாண்டு முடிந்து மே 31-க்குள்தான் வரும் என்று சொல்லியிருக்கிறேன். இருந்தாலும் ஹால் டிக்கெட் வாங்கப் போனால்கூட, “தம்பி, அந்த ரசீது என்னாச்சு?” என்கிறார்.